முசுடு என்று ஒரு பெயர்

சிரிக்காத முகத்துக்குத் தமிழில் பெயருக்குப் பஞ்சமில்லை. சிடுமூஞ்சி என்பார்கள். இதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டேன். காய்ந்த எண்ணெயில் ஈரக் கரண்டியை விட்டால் சிடுசிடு என்று ஒரு சத்தம் வருமே, அந்தச் சத்தத்திலிருந்து பிறந்த வார்த்தை அது. ஈரம் வற்றினால் அடங்கிவிடும். உம்மணாமூஞ்சி என்பது வாயை உம்மென்று வைத்திருப்பவளைச் சொல்வது. யாராவது கிச்சுகிச்சு மூட்டினால் அவளும் சிரித்துவிடுவாள். முசுடு அந்த ரகமில்லை. சிடுமூஞ்சி என்றால் அன்றைக்கு மட்டும். முசுடு என்றால் ஜென்மத்துக்கும். ஒருத்தியை முசுடு என்று சொல்லிவிட்டால் அதற்குமேல் அவளைப் பற்றி யாரும் விசாரிக்க மாட்டார்கள்.

எனக்கு அந்தப் பெயரை வைத்தவள் எங்கள் ஊர் மாவு மில்காரி. வைத்த இடம், அப்போது சுற்றி நின்றவர்கள், மிஷினில் ஓடிக்கொண்டிருந்த சாமான், எல்லாம் எனக்கு ஞாபகமிருக்கிறது. அவளை மன்னித்துவிட்டாயா என்று இதுவரை யாரும் என்னைக் கேட்டதில்லை. கேட்டால் இல்லை என்று சொல்வேன். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊர் உத்திரமேரூரிலிருந்து மானாம்பதி போகிற ரோட்டை ஒட்டி இருக்கிறது. பஸ் நிற்கிற இடத்தில் ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம், அதன் நிழலில் மில். ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் ஒரு பாய் நடத்துகிற ஃபேன்சி ஸ்டோர். ஊருக்குள் வருகிற எவரும் இந்த இரண்டையும் தாண்டாமல் உள்ளே போக முடியாது. மில்காரியின் புருஷன் டிராக்டர் ஓட்டப் போய்விடுவான். மிஷின் போடுவது, அரைப்பது, வரிசையை ஒழுங்கு பண்ணுவது எல்லாம் அவள்தான். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவள். நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

மாவு மில்லுக்கு ஒரு முறை உண்டு. காலையில் அரிசி, முறுக்கு மாவு. அப்புறம் கேழ்வரகு, கோதுமை. மிளகாயும் மல்லியும் மத்தியானத்துக்கு மேல், கடைசியில்தான். மிளகாய் ஓடிய மிஷினில் அடுத்து எது போனாலும் காரம் ஏறிவிடும். அவசரத்துக்கு நடுவில் யாராவது மிளகாய் கொண்டுவந்துவிட்டால், அதை அரைத்த கையோடு ஒரு படி நொய்யைப் போட்டு ஓட்டிக் கல்லைச் சுத்தம் பண்ணிவிட்டுத்தான் அடுத்தவர் டின்னைத் தொட வேண்டும். இதை எந்த மில்லிலும் போர்டு எழுதி வைத்திருக்க மாட்டார்கள். ஆனால் எல்லோருக்கும் தெரியும்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு. எனக்கு இருபது வயது. நான் ஒன்பதாவது படிக்கும்போதே அம்மா போய்விட்டாள். அப்பாவும் நானும்தான் வீட்டில். அரிசியைக் களைந்து, நிழலில் உலர்த்தி, உளுந்தைப் பொன்னாக வறுத்து, டின்னில் போட்டுக்கொண்டு காலை ஆறு மணிக்கே மில்லில் போய் நின்றேன். எனக்கு முன்னால் ஐந்து பேர். அவர்களெல்லாம் முடிந்து என் முறை வந்தபோது, ஊரிலேயே நிலம் அதிகமுள்ள வீட்டிலிருந்து ஒரு கூடை மிளகாய் வந்து இறங்கியது. மில்காரியின் புருஷன் ஓட்டுவது அந்த வீட்டு டிராக்டர். என் டின்னைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டு மிளகாயை எடுத்துக் கொட்டினாள். மில்லே தும்மியது. அது முடிந்ததும் நொய் போடவில்லை. நேராக என் டின்னைத் தூக்கிக் கவிழ்த்தாள். நான் போட்ட சத்தம் மிஷின் சத்தத்தில் காணாமல் போயிற்று.

மாவு வெளியே வந்தபோது லேசாகச் சிவந்திருந்தது. ஒரு விரல் எடுத்து நாக்கில் வைத்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

நொய் போட்டீர்களா என்று மட்டும் கேட்டேன். ஒரு சிட்டிகை காரம் இருந்தால் முறுக்கு இன்னும் நல்லாத்தான் இருக்கும் என்றாள். வரிசையில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். நான் டின்னைக் கொண்டுபோய் அவள் காலடியில் வைத்தேன்.

"அப்ப நீங்களே சுட்டுத் துன்னுங்கக்கா."

திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். மரத்தைத் தாண்டுவதற்குள் பின்னாலிருந்து அவள் குரல் வந்தது. மிஷினை நிறுத்திவிட்டுச் சொல்லியிருக்கிறாள், எனக்குக் கேட்கவேண்டும் என்று.

"முசுடு. பொம்பள ஜென்மமா இது? சரியான முசுடு."

அந்தத் தீபாவளிக்கு எங்கள் வீட்டில் முறுக்கு இல்லை. அப்பா ஏன் என்று கேட்கவில்லை. நாலாம் நாள் யாரோ ஒரு பெண் டின்னைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனாள். காலியாக இருந்தது. சுட்டுத் தின்றிருக்கிறார்கள்.

அந்த வார்த்தை எனக்குப் புதிதில்லை. எங்கள் கிணற்றங்கரையில் ஒரு மாமரம் இருந்தது. அதில் முசுறு கூடு கட்டியிருக்கும். செம்மண் நிறத்தில், நீளக் காலோடு இருக்கிற எறும்பு. பத்துப் பதினைந்து இலைகளை இழுத்து ஒட்டவைத்துப் பந்து மாதிரி வீடு கட்டிக்கொண்டு உள்ளே குடும்பம் நடத்தும். எங்கள் பக்கத்தில் சிலர் அதை முசுறு என்பார்கள், சிலர் முசுடு என்பார்கள். மாங்காய் பறிக்க ஏறி நானே கடிபட்டிருக்கிறேன். கடித்த இடத்தில் பின்பக்கத்தை வளைத்து எரிச்சலையும் ஊற்றிவிட்டுப் போகும். அப்பாவுக்கு அந்த எறும்பின் மேல் மரியாதை. அது இருக்கிற மரத்தில் வேறு பூச்சி அண்டாது, திருடனும் ஏற மாட்டான் என்பார். கூட்டை மட்டும் கலைக்காமல் சுற்றிப் போய்ப் பறிக்கச் சொல்வார்.

பிற்பாடு உத்திரமேரூர் நூலகத்தில் ஒரு தடித்த அகராதியை எடுத்துப் பார்த்தேன். முசுடு என்பதற்கு எறும்பு என்றும் போட்டிருந்தது, சிடுசிடுப்பானவர் என்றும் போட்டிருந்தது. ஆளிடமிருந்து எறும்புக்குப் போயிற்றா, எறும்பிடமிருந்து ஆளுக்கு வந்ததா என்று அதில் இல்லை. எனக்குத் தெரியும். எவனோ ஒருத்தன் கூட்டில் கையை வைத்திருப்பான், கடிபட்டிருப்பான். கையை ஏன் வைத்தாய் என்று அவனை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். எறும்புக்குப் பெயர் கெட்டுவிட்டது. அப்புறம் அவன் வீட்டுக்குப் போய்த் தன் பெண்டாட்டியையும் அதே பெயரால் கூப்பிட்டிருப்பான். முசுறு சும்மா போகிறவனைத் தேடி வந்து கடிப்பதில்லை, கூட்டில் கை வைத்தவனைத்தான் கடிக்கும் என்று அப்போது உறுதியாக நம்பினேன்.

இரண்டு வருஷம் கழித்து காவாந்தண்டலத்திலிருந்து எனக்கு ஒரு வரன் வந்தது. பையன் காஞ்சிபுரத்தில் லேத் பட்டறையில் வேலை செய்துகொண்டிருந்தான். ஜாதகத்தில் எட்டுப் பொருத்தம் இருந்தது. வந்து பார்த்தார்கள், கேசரி சாப்பிட்டார்கள். பையனின் அக்கா தன் கையாலேயே என் தலையில் பூ வைத்துவிட்டாள். பத்து நாளில் நிச்சயத்துக்கு வருகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அப்பா அந்தப் பத்து நாளில் வீட்டுக்கு வெள்ளையடித்தார். எனக்கும் அந்தப் பையனைப் பிடித்திருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை. இப்போதுதான் சொல்கிறேன்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பூ வைத்த பிறகும், நிச்சயத்துக்கு முன்னால், மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஒரு பெரியவர் சொல்லாமல் கொள்ளாமல் தனியாக ஒருநாள் ஊருக்கு வருவார். பெண் வீட்டுக்குப் போக மாட்டார். பஸ்ஸை விட்டு இறங்கினதும் முதலில் கண்ணில் படுகிற ஆளிடம் தண்ணீர் கேட்பார், உட்காருவார், பேச்சோடு பேச்சாக, இந்த ஊரில் இன்னார் மகள் எப்படி என்று கேட்பார். அந்த ஒரு ஆள் சொல்வதுதான் தீர்ப்பு. முன்பின் தெரியாதவர், அதனால் பொய் சொல்ல மாட்டார் என்று நம்பிக்கை. அவர் எப்போது வந்தார், யாரிடம் கேட்டார் என்று பெண் வீட்டாருக்குத் தெரியவே தெரியாது. எத்தனை பெண்களின் தலையெழுத்தை பஸ் ஸ்டாப்பில் நிற்கிறவர்கள் எழுதியிருப்பார்கள் என்று நினைத்தால் வயிறு எரிகிறது.

என் விஷயத்தில் பையனின் தாய்மாமன் இறங்கியது மில் வாசலில். தண்ணீர் கேட்டது மில்காரியிடம்.

பத்து நாள் கழித்து யாரும் வரவில்லை. ஜாதகத்தை வேறொருவரிடம் காட்டினோம், பொருந்தவில்லை என்று சொல்லியனுப்பினார்கள். எட்டுப் பொருத்தமும் பத்து நாளில் எங்கே போயிற்று என்று அப்பாவுக்குப் புரியவில்லை. தரகர்தான் ஒரு மாதம் கழித்து, மனசு கேட்காமல், நடந்ததைச் சொன்னார். பெண் நல்ல பெண்தான், வேலையெல்லாம் செய்வாள், ஆனால் முசுடு, ஒருநாள்கூட அந்த மூஞ்சியில் சிரிப்பைப் பார்த்ததில்லை என்று மில்காரி சொல்லியிருக்கிறாள். ஒரு சொம்புத் தண்ணீரைக் கொடுத்து, அதோடு இதையும் கொடுத்திருக்கிறாள்.

அவள்மேல் எனக்குக் கோபம் வந்தது உண்மை. ஆனால் அன்றைக்குச் சாயங்காலம் அப்பா சொன்னதுதான் அந்தக் கோபத்தை வேர்விட வைத்தது. சோறு போட்டேன். சாப்பிடாமல் பிசைந்துகொண்டே இருந்தார். தலையை நிமிர்த்தாமல் கேட்டார்.

"நாலு பேர் எதிர்ல கொஞ்சம் சிரிச்சாதான் இன்னாம்மா?"

அதாவது அவரும் நம்பிவிட்டார். என்னோடு ஒரே வீட்டில் இருப்பவர், நான் சமைத்ததைச் சாப்பிடுகிறவர், எறும்புக் கூட்டைக் கலைக்காதே என்று எனக்குச் சொன்னவர். மில்காரி என் கல்யாணத்தை மட்டும் எடுக்கவில்லை, என் அப்பாவையும் எடுத்துக்கொண்டாள். அன்றைக்குத்தான் முடிவு செய்தேன். இவளுக்கும் ஒரு பெண் இருக்கிறது. அதுவும் வளரும். அதற்கும் ஒருநாள் எவனாவது பஸ்ஸை விட்டு இறங்குவான்.

வார்த்தை ஊர் ஊராகப் போயிற்று. அடுத்து இரண்டு வரன்கள் பெண் பார்க்கும் அளவுக்குக்கூட வரவில்லை. அதற்கப்புறம் தரகரும் எங்கள் தெருவை மறந்துவிட்டார். தொண்ணூறுகளின் கடைசியில், எதிர்ப்பக்கத்துப் பாய் தன் கடையின் முன்னறையைத் தடுத்துக் கொடுத்தார். அதில் எஸ்.டி.டி. பூத் வைத்தேன். கண்ணாடிக் கூண்டு, மஞ்சள் பெயிண்ட், சிவப்பு எழுத்தில் மீட்டர். ரோட்டுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் மில். வேறு இடம் கிடைக்காமல் இல்லை. உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டிலேயே கிடைத்தது. வேண்டாம் என்றேன். பஸ்ஸை விட்டு இறங்குகிறவர்கள் என் கண்ணில் பட வேண்டும்.

அப்பா அடுத்த சில வருஷத்தில் போய்விட்டார். கடைசிவரை நான் சிரித்துக்கொண்டே இருந்தேன், அவர் எதிரில் மட்டும். அது அவருக்குத் தெரிந்ததா என்று எனக்குத் தெரியாது.

மில்காரியின் பெண் என் கண் முன்னால்தான் வளர்ந்தாள். நல்ல பெண். அம்மாவுக்கு டிபன் கொண்டுவந்து கொடுத்துவிட்டு என் பூத்துக்கு வந்து சில்லறை மாற்றிக்கொண்டு போவாள், போகும்போது வரேங்கக்கா என்று சொல்லிவிட்டுத்தான் போவாள். எதற்கெடுத்தாலும் சிரிப்பாள். அவள்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. இருந்தாலும் சொல்லத் தயாராகத்தான் இருந்தேன். நல்லவளாகக் காட்டிக்கொண்டு எழுதுவதில் பிரயோஜனம் இல்லை. மத்தியான நேரத்தில் பூத்தில் யாரும் இல்லாதபோது அந்த வரியை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொள்வேன். பொண்ணு நல்ல பொண்ணுதான், ஆனா முசுடு. எந்த இடத்தில் நிறுத்தவேண்டும், எந்த இடத்தில் பெருமூச்சு விடவேண்டும் என்பதுகூட எனக்குப் பாடமாகியிருந்தது.

என் வரன் தட்டிப்போய்ப் பத்து வருஷம் போல ஆயிற்று. ஒரு வைகாசி மாதம், பகல் பதினொரு மணிக்கு அவர் வந்து இறங்கினார். விசாரிக்க வருகிறவர்களைப் பார்த்தாலே எனக்குத் தெரியும். வேட்டி புதிதாக இருக்கும், கையில் பை இருக்காது, ஊருக்குள் நடக்க அவசரம் இருக்காது. மில்லைப் பார்த்தார். அது பெண்ணுடைய அம்மாவின் மில் என்று தெரிந்திருக்கும்போல, அங்கே போகவில்லை. நேரே என் பூத்துக்கு வந்தார். திருப்புட்குழிக்கு ஒரு நம்பர் போடச் சொன்னார். வந்துட்டேன் என்று ஒரே வார்த்தை பேசிவிட்டு வைத்தார். குடிக்கத் தண்ணீர் கேட்டார். கொடுத்தேன். ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு, தான் பையனுக்குப் பெரியப்பா என்பதைத் தானாகவே சொன்னார். வாய் ஓயாத மனிதர். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு மில் பக்கம் ஜாடை காட்டினார்.

"அந்தம்மாவோட பொண்ணு எப்பிடிம்மா?"

வாய்வரை வந்துவிட்டது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் அவள் மாவுத் தூசியோடு நின்று யாருடைய டின்னையோ கவிழ்த்துக்கொண்டிருந்தாள். ஒரே ஒரு வரி. சொல்லிவிட்டால் முடிந்தது.

அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. நான் சொன்னால் இவர் எழுந்து போய்விடுவார். பத்து நாள் கழித்து ஜாதகம் பொருந்தவில்லை என்று சொல்லியனுப்புவார்கள். அவள் ஜாதகத்தைத் திட்டுவாள், கிரகத்தைத் திட்டுவாள், கோயிலுக்குப் போய் விளக்கு போடுவாள். தரகர் எல்லாக் காலத்திலும் மனசு கேட்காமல் உண்மையைச் சொல்வார் என்று நிச்சயமில்லை. என்னிடமிருந்து வந்தது என்று அவளுக்குத் தெரியாமலே போய்விடும். அந்தப் பெண் அழும், அவள் நிம்மதியாக மிஷின் போட்டுக்கொண்டிருப்பாள். பத்து வருஷம் நான் காத்திருந்தது இதற்கா? முசுறு கூடக் கை எது என்று பார்த்துத்தானே கடிக்கிறது? இது போய்ச் சேரவேண்டிய இடம் அந்தப் பெண் இல்லை. அவள் அம்மா.

"பொண்ணு தங்கம்ங்க. கண்ண மூடிக்கினு கூட்டிக்கினு போலாம். அம்மாக்காரிதான் முசுடு. கல்யாணத்தன்னிக்கு மட்டும் பாத்து நடந்துக்கோங்க."

அவர் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். எங்க வூட்லயும் அப்பிடி ஒன்னு கீது, சமாளிச்சுக்கலாம் என்றார். தண்ணீர்ச் சொம்பைத் திருப்பிக் கொடுக்கும்போதும் முசுடு, முசுடு என்று தனக்குள் சொல்லிச் சிரித்துக்கொண்டார். அந்த வார்த்தை அவருக்குப் பிடித்துப்போய்விட்டது. இந்த மனிதர் இதை வாயில் வைத்துக்கொண்டிருக்க மாட்டார் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

ஆவணியில் உத்திரமேரூரில் கல்யாணம். ஊருக்கே பத்திரிகை, எனக்கும் வந்தது. போனேன். இருந்ததில் நல்ல பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு போனேன். பந்தியில் மாப்பிள்ளை வீட்டாருக்குப் பாயசம் பத்தவில்லை என்று பரிமாறுகிறவர்களிடம் மில்காரி கத்திக்கொண்டிருந்தாள். என் வரிசைக்கு எதிர் வரிசையில் அந்தப் பெரியப்பா. இலையிலிருந்து கையை எடுக்காமலே, மண்டபம் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார்.

"எல்லாரும் ஒயுங்கா சாப்புடுங்கப்பா. முசுடு சம்பந்தி கோச்சிக்கினு கீறாங்க."

மாப்பிள்ளை வீட்டார் அத்தனை பேரும் சிரித்தார்கள். அதற்குள் அந்தப் பெயர் அவர்கள் வீட்டில் வீட்டுப் பெயராகிவிட்டிருந்தது போல, ஒருவருக்கும் அது புதிதாகத் தெரியவில்லை. மில்காரியின் முகம் ஒரு நிமிஷம் அப்படியே நின்றது. வார்த்தையை அவள் அடையாளம் கண்டுகொண்டாள். கண்ணால் தேடினாள். நான் அவளுக்கு அதிக சிரமம் கொடுக்கவில்லை. நேராகப் பார்த்துச் சிரித்தேன். ஒருநாள்கூட என் மூஞ்சியில் சிரிப்பைப் பார்த்ததில்லை என்று சொன்னவள்தானே, கண் நிறையப் பார்க்கட்டும். அன்றைக்கு நான் இரண்டு வடை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். அதைவிட ருசியான வடையை அதற்குமுன்னும் சாப்பிட்டதில்லை, பின்னும் சாப்பிட்டதில்லை.

அதற்கப்புறம் அவள் என்னோடு பேசவில்லை. ஆனால் என்னை விட்டு விலகவும் முடியவில்லை. அவள் வீட்டில் போன் கிடையாது. செல்போன் ஊருக்குள் வர ஆரம்பித்திருந்தாலும், மில் சத்தத்தில் அது என்னத்துக்கு ஆகும் என்று வாங்கவில்லை. மகள் வீட்டுக்குக் கொடுத்திருந்தது என் பூத் நம்பர்தான். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு மகள் கூப்பிடுவாள். நான் ரோட்டைத் தாண்டிப் போய், போன் வந்திருக்கிறது என்பேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, என்னைப் பார்க்காமல் ரிசீவரை எடுத்து, முதுகைக் காட்டிக்கொண்டு பேசிவிட்டுப் போவாள். மூன்று வருஷம் இப்படி நடந்தது. ஒவ்வொரு ஞாயிறும் எனக்குத் தீபாவளி. அந்த முதுகைப் பார்ப்பதற்காகவே ஞாயிற்றுக்கிழமை பூத்தை மூடாமல் வைத்திருந்தேன்.

பிறகு ஒரு ஞாயிறு போனை எடுத்தேன். மகள் இல்லை, ஒரு குழந்தைக் குரல். பேரன். அப்போதுதான் பேச்சு நன்றாக வர ஆரம்பித்திருந்த வயது.

"முசுடு ஆயா கீறாங்களா?"

எனக்கு முதலில் புரியவில்லை. அப்புறம் புரிந்தது. அந்த வீட்டில் இரண்டு ஆயா. அப்பாவைப் பெற்றவள் ஆயா. அம்மாவைப் பெற்றவள் முசுடு ஆயா. பெரியவர்கள் விளையாட்டாகச் சொன்னதை அந்தப் பிள்ளை பெயர் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறது. இதைவிட என்ன வேண்டும்? அவளுடைய சொந்த ரத்தத்தின் வாயாலேயே.

ரோட்டைத் தாண்டினேன். மிஷின் ஓடிக்கொண்டிருந்தது, வரிசையில் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். சைகை காட்டியிருந்தால் போதும். ஆனால் நான் காத்திருந்தேன். ஒருத்தியின் மாவு அரைத்து முடிந்து, மிஷின் நின்று, எல்லாக் காதும் சும்மா இருக்கிற நேரம் பார்த்துச் சொன்னேன்.

"அக்கா, உங்க பேரன் லைன்ல கீறான். முசுடு ஆயாவ கூப்புடச் சொல்றான்."

வரிசை அப்படியே திரும்பி அவளைப் பார்த்தது. புருவத்திலும் தலைமுடியிலும் மாவோடு என் பின்னால் நடந்து வந்தாள். நான் இந்தத் தடவை நகரவில்லை. கூண்டின் கதவருகிலேயே, அவள் முகம் தெரிகிற இடத்தில் நின்றுகொண்டேன். அந்தப் பெயரைப் பேரன் வாயால் கேட்கும்போது அவள் முகம் எப்படிப் போகிறது என்று பார்க்கவேண்டும். அது எனக்கு வரவேண்டிய கடன்.

ரிசீவரைக் காதில் வைத்தாள். அந்தப் பக்கம் குழந்தை கூப்பிட்டது எனக்கும் லேசாகக் கேட்டது. அவள் முகம் மலர்ந்தது. இத்தனை வருஷத்தில் அந்த முகத்தில் நான் பார்க்காத ஒரு சிரிப்பு.

"ஆமாண்டா என் ராஜா, உன் முசுடு ஆயாதான் பேசறேன்."

குழந்தை மறுபடி கூப்பிட்டது. அவள் மறுபடி சொன்னாள். அது முசுடு ஆயா என்றது, இவள் இன்னாடா கண்ணு என்றாள். இதையே ஒரு விளையாட்டாக இருவரும் ஐந்து நிமிஷம் விளையாடினார்கள். கடைசியில் அவள் கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தாள். ரிசீவரை வைத்துவிட்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மூன்று வருஷத்தில் முதல்முறையாக என்னை நேரே பார்த்தாள்.

"யார் வச்ச பேருன்னு சம்பந்தி அப்பவே சொல்லிட்டாரு. நல்ல பேருதான் வச்ச போ."

அதில் நக்கல் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. நக்கல் இருந்திருந்தால் பதில் சொல்லியிருப்பேன். அவள் ரோட்டைத் தாண்டிப் போய் மிஷினைப் போட்டாள்.

நான் கூண்டுக்குள் போய் உட்கார்ந்துகொண்டேன். ஒரே வார்த்தை. என் வீட்டுக்கு வந்தபோது அது வந்த வரனைத் திருப்பி அனுப்பியது, அடுத்த வரன்களை வரவிடாமல் செய்தது, அப்பா தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருக்கும்படி செய்தது. அவள் வீட்டுக்குப் போனபோது மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டு கொஞ்சுகிறது. அதை நான்தான் என் கையாலேயே கொண்டுபோய்க் கொடுத்தேன், பெண் தங்கம் என்று சொல்லி அந்தப் பேரனையும் சேர்த்துக் கொடுத்தேன். என்னை அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட ஒரு பிள்ளை இருந்திருந்தால் நானும் அப்படித்தான் சிரித்திருப்பேன். அந்தப் பிள்ளை பிறக்கவேண்டிய வீட்டை அவள் ஒரு சொம்புத் தண்ணீரோடு முடித்துவைத்தாள்.

அடுத்த ஞாயிறு சரியாகப் பத்து மணிக்கு மணி அடித்தது. எடுத்தேன். அதே குரல், அதே கேள்வி. திறந்திருந்த கதவு வழியாக மில் ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. மிளகாய் அரைக்கிறாள்போல, நெடி இங்கேவரை வந்தது. கூட்டில் கை வைத்தவனைத்தான் முசுறு கடிக்கும் என்று நம்பினதாக முன்னால் எழுதினேன். அப்படி ஒன்றும் இல்லை. கூடு கலைந்துபோனால் மரத்தடியில் சும்மா நிற்கிற பிள்ளையையும் கடிக்கும்.

ஆயா ஊரில் இல்லை என்றேன். எங்கே போயிருக்கிறார்கள் என்று கேட்டான். தெரியாது என்றேன். எப்போது வருவார்கள் என்று கேட்டான். வரமாட்டார்கள் என்றேன்.

"அப்ப நீங்க யாரு?"

உன் ஆயா வைத்துக்கொண்டிருக்கிறாளே, அந்தப் பெயர் என்னுடையது என்று சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. சொல்லாமல் போனை வைத்துவிட்டு, அது மறுபடி அடித்து ஓய்கிறவரைக்கும் எதிரில் ஓடுகிற மில்லைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.